தொடர் தையலா, தனித்தனித் தையலா?

அரசு மருத்துவமனையில் நடுராத்திரி அவசர அறுவைக்கு வருபவர்களில் பலர் குடலில் ஓட்டை விழுந்தவர்கள். அல்சர் வெடித்தவர், டைஃபாய்டு முற்றிச் சிறுகுடல் துளைத்துப்போனவர். ஓட்டையை அடைத்து, சலைன் விட்டு வயிற்றைக் கழுவி, கழிவுநீர் வடிய டிரெயின் குழாய் வைத்ததும் தியேட்டரே கொஞ்சம் தளர்ந்துவிடும். "நீ க்ளோஸ் பண்ணிடுப்பா" என்று சீஃப் கையுறையைக் கழற்றிவிடுவார். வயிற்றை மூடும் வேலை, இருப்பதிலேயே அனுபவம் குறைந்த, களைத்துப்போன கைக்கு வந்து சேரும்.

ஒரு வாரம் போல ஆனதும், திடீரென்று கட்டு இளஞ்சிவப்பு நீரில் ஊறியிருந்தால் வயிறு பிரிகிறது என்று அர்த்தம். நூல் அறுந்துவிட்டது என்பார்கள். திறந்து பார்த்தால் பெரும்பாலும் நூலும் முடிச்சும் அப்படியே இருக்கும். வயிற்றுத் தசையைப் போர்த்தி, தையலைத் தாங்கும் ரெக்டஸ் உறைதான் கிழிந்திருக்கும். இற்றுப்போன வேட்டியைப் புது நூலால் தைத்த கதைதான். சீழும் இரத்தசோகையும் இருமலும் சேர்ந்த உடம்பில் எந்தத் தையல் நிற்கும் என்பதுதான் எங்கள் யூனிட்டில் ஓயாத வாக்குவாதம்.

ஒரே நூலை வெட்டாமல் ஓட்டும் தொடர் தையலில் வேலை சீக்கிரம் முடியும், இழுவிசை நீளம் முழுக்கப் பரவும், முடிச்சும் குறைவு. ஆனால் மொத்தக் காயமும் ஒரே நூலை நம்பி நிற்கிறது. ஓரிடத்தில் உறை கிழிந்தால் அந்த நூல் முழுவதும் தளர்ந்துவிடும். ஒவ்வொன்றையும் தனியாக முடிச்சிடும் தனித்தனித் தையலில், அதிலும் எக்ஸ் வடிவத்தில் போட்டால், ஒன்று விட்டாலும் அடுத்தது பிடிக்கும். நேரம்தான் கூடும். மயக்க மருத்துவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

2015இல் லான்செட்டில் வந்த நெதர்லாந்து ஆய்வை, மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. மருத்துவர்கள் ஆர்வமாகச் சொல்வார்கள். விளிம்பிலிருந்து 5 மி.மீ. தள்ளி, 5 மி.மீ. இடைவெளியில் சின்னச் சின்னதாகத் தைத்தவர்களில் ஓராண்டில் தைத்த இடத்தில் குடலிறக்கம் 13 சதவீதம்; ஒரு செ.மீ. கணக்கில் தைத்தவர்களில் 21. நல்ல ஆய்வுதான். ஆனால் அதெல்லாம் திட்டமிட்ட அறுவைகள். சீழில் ஊறி வீங்கிய உறையில் 5 மி.மீ. மட்டும் பிடித்துத் தைக்க எனக்குத் துணிவு வரவில்லை. அங்கே ஒரு செ.மீ. தள்ளி எக்ஸ்தான் போடுகிறேன். உறை நன்றாக இருந்தால், அவசர கேஸானாலும் தொடர் தையல்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது 1976இல் ஜென்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர் சொன்ன கணக்கு. தொடர் தையலில் காயத்தின் நீளத்தைப்போல் குறைந்தது நான்கு மடங்கு நூல் உள்ளே போக வேண்டும். குடல் வீங்கி வயிறு உப்பும்போது காயமும் நீளும். கொடுக்க நூல் இல்லையென்றால் உறையை அறுக்கும். இறுக்கிக் கட்டினால்தான் பலம் என்று நினைக்கும் புதுக் கைகளுக்கு இது எளிதில் பிடிபடாது. அதனால் மிச்ச நூலை ஸ்கேலால் அளந்து, உள்ளே போனது எவ்வளவு என்று அறுவைக் குறிப்பில் எழுதச் சொல்கிறேன். முதலில் சிரித்தார்கள். இப்போது ஸ்கேலைச் சிஸ்டரே டிராலியில் எடுத்து வைத்துவிடுகிறார்.