“அனுப்பியாச்சு” என்கிற கடிதத்தின் நகலைக் கேளுங்கள்

போன வாரம் அம்மாவின் வங்கிக் கணக்கில் குடும்ப ஓய்வூதியம் நிலுவையோடு வரவாகிவிட்டது. அப்பா போய் இருபது மாதம் ஆகிறது. இதில் ஒரு வருடம் முழுக்க நாங்கள் ஒரு பொய்யை நம்பிக்கொண்டு இருந்தோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் இல்லையென்றால் இன்னும் நம்பிக்கொண்டுதான் இருந்திருப்போம். இதே நிலையில் இருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பா 1994-ல் மாநில அரசுப் பணியில் சேர்ந்தவர். பணியில் இருக்கும்போதே 2024 பிப்ரவரியில் மாரடைப்பில் இறந்துவிட்டார். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வங்கி விவரம் எல்லாவற்றையும் ஏப்ரலுக்குள் கொடுத்துவிட்டோம். அதுவரை ஒரு சிக்கலும் இல்லை.

ஜூன் மாதம் அம்மா அப்பாவின் அலுவலகத்தில் விசாரிக்கப் போனபோது, “கருத்துரு ஏ.ஜி. ஆபீசுக்கு அனுப்பியாச்சும்மா, அங்கதான் லேட்” என்றார்கள். கருத்துரு என்றால் ஓய்வூதியம் கோரி அலுவலகம் அனுப்பும் முன்மொழிவு. ஏ.ஜி. ஆபீஸ் என்றால் மாநிலக் கணக்காயர் அலுவலகம். ஜூலையிலும் அதே பதில்தான். ஆகஸ்டில் அந்த சீட்டில் ஆள் மாறிவிட்டார், பதில் மாறவில்லை. மாதம் ஒருமுறை பெரம்பூரிலிருந்து பஸ் ஏறிப் போய், பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, இந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டு அம்மா திரும்பி வருவார். அலுவலகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எந்த அலுவலகத்திலும் இது நடக்கலாம்.

2025 பிப்ரவரியில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி நான் ஒரு மனு எழுதினேன். நான் செய்த எல்லாத் தவறும் அந்த ஒரு தாளில் இருந்தது. முதலில், அதை நேரில் கொடுக்கப் போனேன். தபால் பிரிவில் இருந்தவர் படித்துப் பார்த்துவிட்டு, “எதுக்குக் கேக்கறீங்க?” என்றார். காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டத்தின் 6(2) பிரிவு சொல்கிறது என்றேன். “தகவல் அலுவலர் லீவு, நாளைக்கு வாங்க” என்றார். மறுநாளும் லீவு. இரண்டு நாள் சம்பளம் போனதுதான் மிச்சம். பேசாமல் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பியிருக்க வேண்டும், பிறகு அப்படித்தான் செய்தேன். (இப்போது பதிவுத் தபாலை விரைவு அஞ்சலோடு சேர்த்துவிட்டார்கள். விரைவு அஞ்சலில் அனுப்பி, போய்ச் சேர்ந்த தேதி தெரியும் ட்ராக்கிங் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 30 நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான்.)

பெரிய தவறு மனுவுக்குள்ளே இருந்தது. “ஏன் இவ்வளவு தாமதம்? யார் பொறுப்பு? எப்போது கிடைக்கும்?” என்று கேட்டிருந்தேன். கூடவே அப்பாவின் பணிப்பதிவேட்டையும் கேட்டிருந்தேன். இருபத்தொன்பதாவது நாள் பதில் வந்தது. கேள்விகளுக்கு விளக்கம் தருவது இச்சட்டத்தின்படி ‘தகவல்’ ஆகாது. பணிப்பதிவேடு மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல் என்பதால் 8(1) பிரிவின்படி தர இயலாது. அப்பாவின் பணிப்பதிவேட்டுக்கு நான் மூன்றாம் நபராம்! அன்று இரவு தூக்கமே வரவில்லை. ஆனால் கோபம் தணிந்த பிறகு யோசித்தால், அந்த வாய்ப்பை நானேதான் அவர்கள் கையில் கொடுத்திருக்கிறேன். அலுவலகத்தில் இருக்கும் தாளைத்தான் கேட்க வேண்டும். மனசில் இருக்கும் கேள்வியைக் கேட்டால் ஒரு வரியில் மறுத்துவிடுவார்கள்.

இரண்டாவது மனுவை அம்மாவின் பெயரில் எழுதினேன். வாரிசுச் சான்றின் நகலை இணைத்தேன். ஒரு கேள்விக்குறிகூட இல்லை. கருத்துருவை மாநிலக் கணக்காயருக்கு அனுப்பிய கடிதத்தின் எண், தேதியோடு சான்றளித்த நகல், அது பதிவான அனுப்புகைப் பதிவேட்டுப் பக்கத்தின் நகல், அந்தக் கோப்பின் தன்பதிவேட்டுப் பக்கம் (எழுத்தர் தன்னிடம் வரும் தாள்களைப் பதியும் பதிவேடு), அதிகாரிகள் குறிப்பு எழுதும் குறிப்புக் கோப்பு முழுவதும், பணிப்பதிவேடு முழுவதும். கடைசியாக, சட்டத்தின் 2(j) உட்பிரிவின்படி கோப்பை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும் என்று ஒரு வரி. இந்தக் கடைசி வரியை யாரும் விட்டுவிடாதீர்கள். எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

அதே நாளில் தேனாம்பேட்டையில் இருக்கும் மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்கும் தனியாக ஒரு மனு: இந்தப் பெயரில் கருத்துரு வந்திருக்கிறதா என்பதைக் காட்டும் பதிவின் நகல். இங்கே கட்டண விஷயத்தில் கவனம் தேவை. மாநில அரசு அலுவலகத்துக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். பாரிமுனையில் ஸ்டாம்ப் விற்பவர்களிடம் வாங்கினேன். கணக்காயர் அலுவலகமோ இந்தியத் தணிக்கைத் துறையைச் சேர்ந்தது, மத்திய அரசு விதிதான் அதற்கு. ஸ்டாம்ப் செல்லாது, போஸ்டல் ஆர்டர் வேண்டும். எங்கள் பக்கத்து போஸ்ட் ஆபீசில் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் இல்லை. மவுண்ட் ரோடு தலைமைத் தபால் நிலையம் வரை போய் வாங்கினேன்.

மூன்று வாரத்தில் தேனாம்பேட்டையிலிருந்து பதில் வந்தது. ஒரே பத்திதான். இன்றைய தேதி வரை மேற்படி பெயரில் எந்தக் கருத்துருவும் பெறப்படவில்லை.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “அப்போ இத்தனை மாசம் நான் போனது?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

அப்பாவின் அலுவலகத்திலிருந்து 30 நாள் முடிந்தும் சத்தமில்லை. முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, தமிழ்நாட்டில் அதற்குக் கட்டணமும் கிடையாது. நான் ஐந்தாம் நாளே அனுப்பிவிட்டேன், கணக்காயரின் பதிலையும் இணைத்து. அது போய்ச் சேர்ந்ததும்தான் அசைவு தெரிந்தது. “46 பக்கத்துக்கு 92 ரூபாய் செலுத்தினால் நகல் தரப்படும்” என்று ஒரு கடிதம் வந்தது. 92 ரூபாய் பெரிய தொகை இல்லை. ஆனால் கெடு தாண்டிவிட்டால் 7(6) பிரிவின்படி இலவசமாகத்தான் தர வேண்டும். அதைக் குறிப்பிட்டுப் பதில் எழுதினேன். அடுத்த வாரம் பணம் கேட்காமலே 46 பக்கமும் வந்துவிட்டது. அன்று வீட்டில் பாயசம்!

அந்த 46 பக்கத்தில், கணக்காயருக்கு அனுப்பியதாகச் சொன்ன அந்தக் கடிதத்தை மட்டும் காணோம். மேல்முறையீட்டு அலுவலர் ஜூலையில் நேரில் அழைத்தார். நல்ல மனிதர். முதலில் அம்மாவை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பிரிவு ஆள், “இதெல்லாம் பார்வைக்குக் கொடுக்கிற வழக்கம் இல்ல சார்” என்றார். தமிழ்நாடு 1997-லேயே தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட மாநிலம். இப்போதுள்ள சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. இருபது வருடமாகியும் வழக்கம் இல்லை என்கிறார்கள். அலுவலர் அவரை நிமிர்ந்து பார்த்து, “எடுத்துட்டு வாங்க” என்றார். முதல் ஒரு மணி நேரம் பார்வையிடக் கட்டணம் இல்லை. எங்களுக்கு இருபது நிமிடம் போதுமாக இருந்தது.

நாடா கட்டிய கோப்பு. அவிழ்த்ததும் மேலேயே இருந்தது அந்தக் கடிதம். கணக்காயருக்கு, பொருள், பார்வை எல்லாம் ஒழுங்காகத் தட்டச்சு செய்திருந்தது. எண் இருக்க வேண்டிய இடம் காலி. “நாள்:” என்பதற்குப் பக்கத்தில் ஒரு இடைவெளி, பிறகு “.05.2024”. கையெழுத்து இல்லை. குறிப்புக் கோப்பின் கடைசிப் பக்கத்தில் நீல மையில் ஒரு வரி: “2001–2003 பணி சரிபார்ப்புப் பதிவு இல்லை. ஆணைக்காக.” அதற்குக் கீழே அதிகாரியின் பச்சை மையில் ஒரு எழுத்துகூட இல்லை. அப்பா அந்த இரண்டு வருடம் விழுப்புரம் பக்கம் வேலை பார்த்தார். அந்த அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

அம்மா கோப்பைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து இருந்தது, 1994-ல் போட்டது. பிற்காலத்துக் கிறுக்கல் இல்லாமல் முழுப் பெயரும் தெளிவாக. அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு இருந்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

அந்தக் கடைசிப் பக்கத்தையும் கையெழுத்தில்லாத கடிதத்தையும் நகல் கேட்டு, முத்திரையோடு வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன். நீங்களும் பார்வையிடப் போனால் பக்க எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள், நகலை அன்றே கேளுங்கள். மறுநாள் அதே கோப்பு அதே மாதிரி இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒரு வருடமாக நடக்காத பணி சரிபார்ப்பு ஒன்பது நாளில் நடந்தது. கருத்துரு ஜூலை முடிவதற்குள் தேனாம்பேட்டைக்குப் போனது. இந்த முறை எண், தேதியோடு அனுப்புகைச் சீட்டின் நகலும் எங்கள் கையில் இருந்தது. அப்புறம் ஆணை, கருவூலம், வங்கி எல்லாம் தானாக நடந்தன. நந்தனத்தில் இருக்கும் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு எழுதி வைத்திருந்தேன். அதற்கு 90 நாள் அவகாசம். நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அனுப்ப வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். எனக்கு இன்னும் அதில் உடன்பாடு இல்லை.

பணிக்கொடை மட்டும் வரவில்லை. நிலுவையின்மைச் சான்றை “அனுப்பியாச்சு” என்கிறார்கள். திங்கட்கிழமை பாரிமுனைக்குப் போய் இன்னொரு ஸ்டாம்ப் வாங்கி வந்துவிட்டேன். மனு போய்ச் சேர்ந்துவிட்டதாக ட்ராக்கிங்கில் நேற்று காட்டியது.