தவறான பக்கம்

ட்ரைவ் இரண்டு முறை முனகியது. பிறகு சிடியை வெளியே தள்ளிவிட்டது.

2006 என்று என் கையெழுத்து. கீழ்ப்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அதைக் கண்ணாடிபோல் பாதுகாத்த பெருமை எனக்கு உண்டு.

விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். குண்டூசி முனையளவு ஓட்டை. அதன் வழியே வெளிச்சம் வந்தது.

சிடியின் 1.2 மி.மீ. பிளாஸ்டிக் முழுவதும் கீழ்ப்பக்கம்தான். தகவல் இருப்பதோ மேலே, மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில். அங்கே பால்பாயின்ட் பேனாவால் அழுத்தித் தேதி எழுதிய புத்திசாலி நான். டிவிடி பரவாயில்லை, தகவல் அடுக்கு 0.6 மி.மீ. தட்டுகள் இரண்டின் நடுவே இருக்கிறது.

நாம் பதிவு செய்யும் சிடியில் இருப்பது, கடையில் வாங்கும் பாட்டு சிடியில்போல் ஆலையில் அச்சிட்ட குழிகள் அல்ல. சாயப் பூச்சில் லேசர் சுட்ட தடங்கள். சாயம் என்றால் வெளுக்கும். வெளுக்க வெளுக்க, படிக்க முடியாத துணுக்குகளைக் கணக்கிட்டு மீட்கும் பிழைதிருத்தக் குறியீடு நமக்குச் சொல்லாமலே சரிக்கட்டிக்கொண்டிருக்கும், முடிகிறவரை.

வேறு ட்ரைவில் போட்டேன். பாதிப் படங்கள் வந்தன.

மிச்சமுள்ள பதினொரு சிடிகளையும் இப்போது நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன். ஏழாவது முனகத் தொடங்கியிருக்கிறது.