கர்ணனும் 1997-உம்

மாரி செல்வராஜின் 'கர்ணன்' படம் வந்து சில வருஷம் ஆகிவிட்டது. இன்னும் எங்கள் பக்கத்து டீக்கடையில் அந்தப் பேச்சு எடுத்தால் ஒரே சண்டைதான்: கதை நடப்பது 1995-ஆ, 1997-ஆ?

படத்துக்குப் பின்னணி என்று சொல்லப்படுவது கொடியங்குளம் சம்பவம். தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் அந்தத் தலித் கிராமத்துக்குள் போலீஸ் புகுந்து வீடுகளை நாசம் செய்தது 1995 ஆகஸ்ட் 31. அதிமுக ஆட்சி. 2021 ஏப்ரலில் படம் வந்தபோது '1997 முற்பகுதி' என்று திரையில் போட்டார்கள். அது திமுக ஆட்சி. உதயநிதி ஸ்டாலின் ட்விட்டரில் இதைச் சுட்டிக்காட்ட, எழுத்து '90களின் பிற்பகுதி' என்று மாறியது. 1996-லிருந்து 2001 வரையும் திமுகதானே! இந்தத் திருத்தத்தால் யாருக்கு என்ன லாபமோ.

நான் திருநெல்வேலியில் அரசு பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு இது முதலில் பஸ்ஸைப் பற்றிய படம். நடுரோட்டில் வலிப்பு வந்து கிடக்கிற பிள்ளையைத் தாண்டி வண்டிகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டே இருக்கும். அந்த முதல் காட்சியிலேயே படத்தில் வரும் ஊரான பொடியங்குளத்துக்கு ஏன் பஸ் நிற்காது என்பது புரிந்துவிடுகிறது.

அப்படிப் பார்த்தால் 1997 என்பது தப்பான வருஷமே இல்லை. அந்த வருஷம்தான் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மனின் தளபதி அவர், பட்டியல் சாதியான தேவேந்திரகுலத்தைச் சேர்ந்தவர். அவர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதிக்காரர்கள் கிளம்ப, கலவரம் வெடித்தது. அரசு என்ன செய்தது? தமிழ்நாடு முழுக்கப் போக்குவரத்துக் கழகங்களிலும் மாவட்டங்களிலும் இருந்த தலைவர் பெயர்கள் அத்தனையையும் எடுத்துவிட்டது. சேரன், சோழன், பாண்டியன், பல்லவன் எல்லாம் போயிற்று. எங்கள் திருநெல்வேலிக் கழகத்தின் கட்டபொம்மனும் போனார். ஒரு பெயரைப் பொறுக்க முடியாதவர்களுக்காக எல்லாப் பெயரையும் அழித்தார்கள். டிப்போவில் பெயின்ட் டப்பாவோடு ஆள் நின்றதைப் பார்த்திருக்கிறேன். படத்தின் வருஷத்துக்காகச் சண்டை போட்ட இரண்டு கட்சிக்காரர்களும் இதைப் பேசி நான் கேட்கவில்லை.

படத்தின் மேல் எனக்கும் ஒரு வருத்தம் உண்டு. பாதிக்கு மேல் எல்லாக் கோபமும் கண்ணபிரான் என்கிற ஒரு போலீஸ் அதிகாரியின் தலையில் போய் விழுகிறது. நட்டி நன்றாகவே நடித்திருக்கிறார், சரி. ஆனால் அவ்வளவு கொடூரமான ஒரு ஆளைக் காட்டிவிட்டால், பார்ப்பவன் 'நான் அப்படி இல்லையே' என்று நிம்மதியாக எழுந்து போய்விடுவான். நிற்காத பஸ்ஸுக்குள் அப்படிக் கொடூரன் யாரும் தேவையில்லை. முன்சீட்டில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர், "இங்க எதுக்கு அண்ணாச்சி நிப்பாட்டுதீய?" என்று மெதுவாகக் கேட்டால் போதும், டிரைவர் கியரை மாற்றிவிடுவார். பின்னால் இருக்கிற யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கண்ணபிரானுக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை அந்த ஆளுக்குக் கொடுத்திருக்கலாம்.