கூரையைத் தனக்குள் மடித்துக்கொள்ளும் கார்

போருக்குப் பிந்தைய அமெரிக்க சொகுசுக் கார்கள் என்றதும் பலருக்கும் 1959 காடிலாக்கின் உயர்ந்த வால் துடுப்புகள்தான் நினைவுக்கு வரும். எனக்கோ, அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து வந்த லிங்கன் கான்டினென்டல் கன்வெர்ட்டிபிளுக்கு (கூரையைத் திறந்து மூடக்கூடிய காருக்கு) ஈடாக எதையும் சொல்லத் தோன்றவில்லை. வடிவமைப்பாளர் எல்வுட் எங்கல் முதலில் ஃபோர்டின் தண்டர்பேர்டு காருக்காக உருவாக்கிய வடிவம் அது. ஃபோர்டு நிறுவனத்தில் அப்போது உயர்பொறுப்பில் இருந்த ராபர்ட் மெக்னமாராவின் கண்ணில் பட்டு, நான்கு கதவுகளுடன் அந்நிறுவனத்தின் சொகுசுப் பிராண்டான லிங்கனாக மாறியது. முந்தைய மாடலைவிட ஏறத்தாழ 15 அங்குலம் நீளம் குறைவு, துடுப்புகள் கிடையாது, பக்கவாட்டின் மேல்விளிம்பில் முன்னிருந்து பின்வரை ஓடும் ஒரே குரோம் கோடுதான் அலங்காரம்.

எதிரெதிராகத் திறக்கும் கதவுகளையே எல்லோரும் புகழ்கிறார்கள். ஆனால் இந்தக் காரின் உண்மையான சாதனை அதன் கூரை. 1957 முதல் 1959 வரை விற்பனையான ஃபோர்டு ஸ்கைலைனரின் மடியும் உலோகக் கூரையில் கிடைத்த அனுபவத்தை வைத்து, இதன் துணிக்கூரைக்கான பொறியமைப்பை வகுத்தார்கள். டிக்கி மூடியின் கீல் பின்புறம் இருப்பதால், அதன் முன்விளிம்பு முதலில் மேலெழுகிறது. முன்கண்ணாடிச் சட்டத்தைப் பற்றியிருக்கும் கூரையின் பூட்டுகளை மின்மோட்டார்கள் விடுவிக்கின்றன. ஹைட்ராலிக் விசையால் கூரை எழுந்து, மடிந்து, டிக்கிக்குள் முழுவதுமாக இறங்கியபின் மூடி அதன்மேல் சாத்திக்கொள்கிறது. மேலே போர்த்துவதற்குத் தனி உறை எதுவும் தேவையில்லை. ஒரு படி முடிந்ததை ஒரு சுவிட்ச் உணர்ந்து, மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேக்குத் தெரிவித்தால்தான் அடுத்த படி தொடங்கும். எவ்வளவு நுணுக்கமான சிந்தனை! மூடிய கூரையோடு பின்கதவைத் திறந்தால், ரப்பர் விளிம்பில் உரசாதபடி அதன் கண்ணாடிகூடத் தானாகவே சற்றுக் கீழிறங்கும். கூரை உள்ளே இருக்கும்போது பெட்டி வைக்க இடமில்லை என்பது உண்மையான குறைதான். இந்த அழகுக்கு அந்த விலையைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

1963இல் டல்லாஸில் சுடப்பட்டபோது அமெரிக்க அதிபர் கென்னடி பயணித்த கார் இந்த வரிசையில் பிறந்ததுதான் என்றாலும், ஹெஸ் அண்ட் ஐசன்ஹார்ட் நிறுவனம் அதை நீளமாக்கி, கழற்றி மாட்டும் கூரைப் பலகைகளைப் பொருத்தியிருந்தது. ஆகவே டியர்பார்ன் அருங்காட்சியகத்தில் இன்று அதைப் பார்ப்பவர்கள் நான் இங்கே விவரிக்கும் பொறியமைப்பைப் பார்ப்பதில்லை.

1967இல் 2,276 கார்களோடு இந்தக் கன்வெர்ட்டிபிளின் தயாரிப்பு நின்றது. இன்று ஒன்றை வாங்க நினைப்பவர்கள் பெயின்டின் பளபளப்பில் மயங்காமல், கூரையை ஒருமுறை முழுமையாகத் திறந்து மூடிக் காட்டச் சொல்ல வேண்டும். பாதியில் நின்றால், எந்தப் படியில் நின்றது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பழுதைத் தேடும் மெக்கானிக் அங்கிருந்துதான் தொடங்குவார்.