குப்பி

முதல் செமஸ்ரர் பெறுபேறு வந்த அன்று கலவுயிரியலுக்கு நேரே ‘டி’ என்று கிடந்தது. போனை அணைத்துவிட்டுத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். டி தான். உயர்தரத்தில் உயிரியலுக்கு ‘ஏ’ எடுத்தவள் நான். நெல்லியடியில் ஒரு ரியூசன் சென்ரர்காரர் என் படத்தைப் போட்டு பனர்கூடக் கட்டியிருந்தார்கள். அந்தப் பனர் வெயிலில் வெளிறுவதற்கு முன்பே டி வந்துவிட்டது.

அம்மாவிடம் சொல்ல இரண்டு நாள் பிடித்தது. எனக்கு நானே காரணம் சொல்லிக்கொள்ள இன்னும் கனகாலம் பிடித்தது.

உயர்தரத்தில் நான் படித்தேன் என்று நினைத்திருந்தேன். உண்மையில் நான் செய்தது பேப்பர். சனி, ஞாயிறு ரியூசன், கையில் ரியூட் என்கிற அச்சடித்த குறிப்பு, பத்துப் பதினைந்து வருடத்துப் பாஸ்ற் பேப்பர், அதற்குரிய புள்ளி போடும் ஸ்கீம். இரண்டு மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினா போட்டு முடிப்பது எனக்குக் கைவந்த கலை. எந்த வினா எங்கேயிருந்து வரும் என்று சேர் சொல்லுவார், நாங்கள் பாடமாக்குவோம். கம்பஸில் ரியூட் இல்லை, ஸ்கீம் இல்லை. ஒரு மணித்தியால விரிவுரை முடிந்த பிறகு மிச்சம் என் வேலை என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ‘அடுத்த ரியூட் எப்ப தருவினம்?’ என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்ட ஆள் நான்.

அதோடு ஆங்கிலம். பதின்மூன்று வருடம் தமிழில் படித்துவிட்டு விஞ்ஞான பீடத்துக்கு வந்தால் எல்லாம் ஆங்கிலம். பிரசாரணம் எனக்குத் தெரியும். ஒஸ்மோசிஸ் என்று ஓர் ஆள் வந்து நின்றபோது யாரென்று தெரியவில்லை. கலம் செல் ஆனது, நொதியம் என்சைம் ஆனது, இழைமணி மைற்றோகொன்றியா ஆனது. தெரிந்த ஆட்களே வேறு பெயரில் வந்து நிற்க, நான் புது ஆட்கள் என்று நினைத்துப் பயந்தேன். முதல் மாதம் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதி முடிப்பதற்குள் ஸ்லைட் மாறிவிடும்.

சோதனைக்கு முதல் கிழமை என்ன செய்தேன் என்றால், ஸ்லைட் எல்லாவற்றையும் பிறின்ற் எடுத்து மஞ்சள் பேனையால் கோடு போட்டேன். கடைசியில் கோடு போடாத வரிதான் குறைவு. ஐந்து தரம் வாசித்தேன். ஐந்தாம் தரம் எல்லாம் தெரிந்த மாதிரியே இருந்தது.

அந்தத் ‘தெரிந்த மாதிரி’தான் ஏமாற்று. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பகுதி மாணவர் ஒரு சிறு கட்டுரையைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் முதலில் வாசித்துவிட்டு, பிறகு மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள்தான் கெட்டிக்காரர்: அவர்களுக்கு 83 வீதம், எழுதியவர்களுக்கு 71. ஒரு கிழமை கழித்துக் கேட்டால் தலைகீழ். வாசித்தவர்களுக்கு 40, எழுதியவர்களுக்கு 61. சோதனை ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே. இதை நான் அறிந்தது மூன்றாம் வருடத்தில். முதல் வருடத்தில் என்னைக் காப்பாற்றியது ஆராய்ச்சியில்லை, குப்பி.

இலங்கையில் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் இந்தச் சொல் இருக்கும். படித்த மாணவர் படிக்காத மாணவருக்கு, சீனியர் ஜூனியருக்கு, காசில்லாமல் ஒரு மரத்தடியிலோ வெறும் வகுப்பறையிலோ சொல்லிக் கொடுப்பது குப்பி. குப்பி விளக்கைச் சுற்றி இருந்து படித்ததால் வந்த பெயர் என்பார்கள். ‘பின்னேரம் குப்பிக்குப் போறன்’ என்று முதல்முறை போனில் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. எங்கள் ஊரில் அந்தச் சொல் சயனைட்டோடு கழுத்தில் தொங்கிய காலம் ஒன்று இருந்தது. விளக்கு என்று சொன்ன பிறகுதான் மூச்சு விட்டார். பிறகு நிறுத்தாமல் கதைத்தார். யாழ்ப்பாணத்தில் 1990இல் கரண்ட் போனது. அம்மா 1993இல் உயர்தரம் எழுதினார். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு, அது நனையுமளவுக்கு மண்ணெண்ணெய், நடுவில் ஒரு திரி. எண்ணெய் விற்ற விலைக்கு ஒரு வெளிச்சத்தில் மூன்று பேர் படிக்க வேண்டும். ஒருத்தி சத்தமாக வாசிப்பாள், மற்ற இருவரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்களாம். ‘நித்திரை கொண்டிருப்பியள்’ என்றேன். ‘அதுவும்தான்’ என்றார்.

எங்கள் குப்பி யாழ்ப்பாணக் கம்பஸுக்குக் கிட்ட உள்ள கலட்டியில், நாங்கள் தங்கியிருந்த வீட்டு விறாந்தையில் நடந்தது. மூன்றாம் வருட அக்கா ஒருவர் வருவார். அவர் வந்து படிப்பிப்பார் என்று கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். அவர் மார்க்கரை என் கையில் தந்து, ‘நீ சொல்லு, நான் கேக்கிறன்’ என்றார். பிரசாரணம். வரைவிலக்கணத்தை ஆங்கிலத்தில் ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தேன். முல்லைத்தீவிலிருந்து வந்த என் அறைத்தோழி கேட்டாள்: ‘அப்ப உப்புப் போட்ட மாங்காய் ஏன் சுருங்குது?’

என்னால் சொல்ல முடியவில்லை. வரைவிலக்கணம் வாயில் இருக்கிறது, மாங்காய் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. அக்கா சிரிக்கவில்லை. ‘தமிழில சொல்லிப் பார்’ என்றார். தட்டுத் தடுமாறி, வெளியே உப்பு கூட, அங்கே நீரழுத்தம் குறைவு, உள்ளேயிருக்கிற தண்ணீர் மென்சவ்வைத் தாண்டி வெளியே போகிறது என்று சொல்லி முடிக்கும்போது ‘நீரமுக்கம் வேறை, நீரழுத்தம் வேறை, நீரழுத்தம் எண்டால் வோட்டர் பொற்றென்சியல்’ என்று அறைத்தோழியும் நானும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம். அந்தச் சண்டை எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. ஐந்து தரம் வாசித்த ஸ்லைட் ஒன்றுகூட நினைவில்லை.

அன்றிலிருந்து ஒரு சீஆர் கொப்பியில் மூன்று நிரல் போட்டேன்: ஆங்கிலச் சொல், பள்ளிக்கூடத்துத் தமிழ்ச் சொல், மூன்றாவதில் என் சொந்த வசனம். மூன்றாவது நிரல் வெறுமையாக இருந்தால் எனக்கு அது விளங்கவில்லை என்று அர்த்தம். விரிவுரை முடிந்த பின்னேரமே ஒரு வெறும் ஒற்றையில் நினைவில் இருப்பதை எழுதுவேன். முதல் நாள் நான்கு வரி வந்தது. வெட்கமாக இருந்தது. பரவாயில்லை, வேறு யாரும் பார்க்கப்போவதில்லை.

விடை எழுதும் பிழையையும் அக்காதான் பிடித்தார். ‘இழையுருப்பிரிவையும் ஒடுக்கற்பிரிவையும் ஒப்பிடுக’ என்ற கேள்விக்கு நான் முதலாவதைப் பற்றி ஒரு பக்கம், இரண்டாவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ஒரு பென்சிலால் தட்டிக்கொண்டே வாசித்துவிட்டு, ‘ரெண்டும் ஒரு வசனத்திலகூட சந்திக்கேல்லையே’ என்றார். இரண்டும் கலம் பிரிகிற விதம். இழையுருப்பிரிவில் இரண்டு கலம், நிறமூர்த்த (குரோமோசோம்) எண்ணிக்கை அப்படியே. ஒடுக்கற்பிரிவில் நான்கு கலம், எண்ணிக்கை பாதி. இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் ஒப்பிடுவது. எனக்குப் பாடம் தெரியும், கேள்வியை வாசிக்கத் தெரியவில்லை. ‘விபரிக்க’, ‘விளக்குக’, ‘ஒப்பிடுக’ மூன்றுக்கும் நான் ஒரே விடையைத்தான் அதுவரை எழுதி வந்திருக்கிறேன்.

கலவுயிரியலை அடுத்த முறை எழுதி ‘சி’ எடுத்தேன். அதற்கு யாரும் பனர் கட்டவில்லை.

கம்பஸுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இன்னும் இரண்டு சொல். உசாத்துணைகளைச் சேர்த்து வைத்துப் பட்டியல் போட்டுத் தரும் சோட்டெரோ மாதிரி இலவச மென்பொருள்களை முதல் வருடத்திலேயே பழகுங்கள், நான்காம் வருட ஆய்வறிக்கையில் உசாத்துணைப் பட்டியலோடு மாரடிக்கத் தேவையில்லை. சற்ஜிபிரியிடம் கேட்டு எழுதும் தம்பி தங்கச்சிமார், அது தருகிற உசாத்துணைகளை ஒருதரம் தேடிப் பாருங்கள். சிலவேளை இல்லாத கட்டுரைக்கு ஆண்டும் பக்க எண்ணும் போட்டு அழகாகத் தரும்.

இப்போது நான் நான்காம் வருடம். வியாழக்கிழமை பின்னேரங்களில் மார்க்கர் என்னிடம். நானும் அதை வேறு யாருடைய கையிலாவது கொடுத்துவிடுகிறேன். போன கிழமை மாங்காய்க் கதையைச் சொன்னேன். மன்னார்ப் பொடியன் ஒருவன், வழக்கமாக வாயே திறக்காதவன், கேட்டான்: ‘அக்கா, அந்த மாங்காயைத் திருப்பி நல்ல தண்ணிக்குள்ள போட்டா பழையபடி வருமோ?’

கலம் செத்திருந்தால் வராது என்று சொல்ல வாயெடுத்தேன். எவ்வளவு நேரத்தில் சாகும், எவ்வளவு உப்பில்? அடுத்த வியாழன் சொல்கிறேன் என்றேன். சனிக்கிழமை வீட்டுக்குப் போய் ஒரு மாங்காயைத் துண்டு துண்டாக வெட்டினேன். எதற்கென்று அம்மா கேட்டார். சொன்னேன். நல்ல மாங்காயைப் பழுதாக்குகிறாய் என்று ஏசிவிட்டு, அலுமாரியிலிருந்து ஒரு ஜாம் போத்தலை எடுத்துக் கழுவித் தந்தார்.