நேரத்துக்குக் கட்டியும் வெட்டுப்பட்ட லைன்

பௌத்தர்களின் வெசாக் பண்டிகைக்கு முதல் நாள் பின்னேரம். வெள்ளவத்தையில் காலி வீதி நெடுக விளக்குக் கூடுகளும் கலர் பல்புகளும் தொங்கிக்கொண்டிருந்தன. வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகச் சாப்பாடு கொடுக்கிற தன்சலுக்குக் கொட்டகை போட்ட பெடியள் ஸ்பீக்கரைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரெல்லாம் விளக்கு எரியத் தொடங்கிய அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டு ரவுட்டரில் ஒரு விளக்கு அணைந்தது.

முதலில் கண்டுபிடித்தவள் மகள். சூம் வகுப்பில் கணித சேர் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்துபோனாராம். அவள் "அப்பா!" என்று கத்தி முடிக்கவில்லை, குசினிக்குள் இருந்து மனைவியின் குரல் வந்துவிட்டது.

"இஞ்சாருங்கோ, நெற் பில் கட்டினீங்களோ?"

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி வரும்போதே தீர்ப்பும் எழுதப்பட்டிருக்கும். ஆனால் அன்றைக்கு நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குசினி வாசலுக்கே போனேன். "கட்டிட்டன். மூண்டு மாசமா ஒரு நாள் பிந்தேல்லை" என்று சொல்லி, போனில் இருந்த ரசீதையும் காட்டினேன். பச்சை வட்டத்துக்குள் சரி அடையாளம், திகதி, தொகை எல்லாம் இருந்தன. அவள் பச்சை வட்டத்தைப் பார்த்தாள். பிறகு ரவுட்டரைப் பார்த்தாள்.

"அப்ப அதுக்கு ஏன் தெரியேல்லை?"

என் பெருமைக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அதைச் சொல்லாவிட்டால் அந்த மூன்று மாதத்தின் அருமை விளங்காது.

கொழும்பில் பில் கட்ட வழி இல்லை என்று யாரும் சாட்டுச் சொல்ல முடியாது. காசைக் கையில் எடுத்துக்கொண்டு கம்பனியின் கிளைக்கே போகலாம். தபால் கந்தோரில் கட்டலாம். ஃபூட் சிட்டியில் பருப்பும் மீன் டின்னும் வாங்குகிற வரிசையிலேயே பில்லையும் நீட்டலாம். கொமியூனிகேஷன் கடைக்காரர் ரீலோட் போடுகிற கையோடு கட்டித் தருவார். 2012 இல் ஈஸி கேஷ் வந்த நாளில் இருந்து காசைப் போனுக்குள்ளேயே வைத்தும் கட்டலாம். வங்கிக்கு ஒரு அப், கம்பனிக்கு ஒரு அப். இத்தனை வாசல் திறந்து கிடந்தும் வருடத்துக்கு இரண்டு தடவையாவது லைனை வெட்டக் கொடுத்தவன் நான். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தபோது மட்டும் "நெற் இல்லாததுக்கு நான் காரணம் இல்லை" என்று தைரியமாகச் சொன்னேன். பிறகு அந்த வசதியும் போய்விட்டது.

திருந்த முயலவில்லை என்று சொல்லாதீர்கள். முதலில் கிரெடிட் கார்டைப் பதிந்து வைத்தேன். மாதாமாதம் தானாக எடுத்துக்கொள்வார்கள், நான் காலை நீட்டிக்கொண்டு இருக்கலாம். பதினொரு மாதம் சொர்க்கம்தான். பன்னிரண்டாம் மாதம் கார்டின் காலம் முடிந்தது. வங்கி புதுக் கார்ட் அனுப்பியது. அதை நான் மிகவும் பாதுகாப்பாக அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். புதுக் கார்டின் திகதியை மறுபடி பதிய வேண்டும் என்பது லைன் போன பிறகுதான் தெரிந்தது.

அடுத்தது வங்கியில் நிலையான கட்டளை. படிவம் நிரப்பிக் கையெழுத்துப் போட்டால் ஒவ்வொரு மாதமும் குறித்த திகதியில் குறித்த தொகை போய்ச் சேரும். "குறித்த தொகை" என்ற சொல்லை நான் கவனித்திருக்க வேண்டும். 2024 ஜனவரியில் வற் வரி 15 வீதத்தில் இருந்து 18 வீதமானது. பில் ஏறியது, என் கட்டளை மட்டும் பழைய தொகையிலேயே விசுவாசமாக நின்றது. மாதம் எண்பது, தொண்ணூறு ரூபாயாகச் சேர்ந்த பாக்கிக்காக லைன் வெட்டுப்பட்டவன் இந்த நகரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கடைசியில் வங்கி அப்பில் வந்து நின்றேன். கணக்கு இலக்கத்தை ஒரு தடவை பதிந்து பெயர் வைத்துவிட்டால் போதும். சம்பளம் 25ஆம் திகதி விழும். விழுந்த அன்றே, யாரும் கடன் கேட்க முதல், இரண்டு தட்டில் கட்டிவிடலாம். இந்த முறையில்தான் மூன்று மாதம் பிந்தாமல் கட்டியிருந்தேன். இடையில் கம்பனியில் இருந்து "நிலுவை உள்ளது, செலுத்தவும்" என்று எஸ்எம்எஸ் வராமல் இல்லை. முந்திய காலத்திலும் கட்டி முடித்த அடுத்த நாள் அப்படி ஒன்று வருவது வழக்கம்தானே, இயந்திரம் அனுப்புகிறது என்று விட்டுவிட்டேன்.

சரி, கம்பனிக்குக் கோல் எடுத்தேன். சிங்களத்துக்கு 1, தமிழுக்கு 2, ஆங்கிலத்துக்கு 3. 2ஐ அழுத்திவிட்டுப் புல்லாங்குழல் கேட்டேன். நல்ல வாசிப்பு. எட்டு நிமிடத்தில் எனக்கே சுரம் பிடிபட்டுவிட்டது. பிறகு ஒரு பிள்ளை வந்தது.

"சேர், உங்கட கணக்கில மூண்டு மாசமா கொடுப்பனவு வரேல்லை."

"தங்கச்சி, என்னட்ட ரசீது கிடக்கு."

"ரசீதில இருக்கிற கணக்கு இலக்கத்தின்ர கடைசி நாலையும் சொல்லுங்கோ சேர்."

சொன்னேன். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, துக்க வீட்டில் கதைக்கிற மெல்லிய குரலில், "சேர், அது உங்கட கணக்கு இல்லை" என்றது.

அப்போதுதான் எனக்குப் பெப்ரவரி மாதம் ஞாபகம் வந்தது.

எங்கள் தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் ஒரு மாமி தனியே இருக்கிறா. மகள் லண்டன், மகன் ரொறன்ரோ. பில் எல்லாவற்றையும் காசாகக் கொண்டுபோய்க் கம்பனிக் கிளையில் கட்டி, துண்டை மாலிபன் பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடினால்தான் அவவுக்கு நித்திரை வரும். பெப்ரவரி தொடக்கத்தில் முழங்கால் வீங்கி இறங்க முடியாமல் போனதால் என்னிடம் காசைத் தந்து "இந்த ஒருக்கா நீங்கள் கட்டிவிடுங்கோ தம்பி" என்றா. அப்பில் கட்டினேன். இலக்கத்தையும் சேமித்தேன். இனிமேலும் உதவும் என்ற நல்லெண்ணம்தான்.

எங்களுடையதற்கு நான் வைத்திருந்த பெயர் "வீட்டு நெற்". மாமியுடையதற்கு வைத்த பெயர் "நெற் வீடு மேல்மாடி". போனின் சின்னத் திரையில் அது "நெற் வீடு" என்பதோடு நின்றுவிடும். கடைசியாகக் கட்டியது எதுவோ அதுதான் பட்டியலில் முதலில் வரும். 25ஆம் திகதி சம்பள உற்சாகத்தில் முதலில் நிற்பதைத் தட்டினேன். தட்டியதால் அடுத்த மாதமும் அதுவே முதலில் நின்றது. தொகையையும் நானே அடித்தேன், எங்கள் பில் தொகை மனப்பாடம் அல்லவா.

மனைவிக்கு விளக்கிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அன்றிரவே எங்கள் மூன்று மாதப் பாக்கியையும், இந்தத் தடவை இலக்கத்தை மகள் உரத்து வாசிக்க நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கட்டினேன். முக்கால் மணித்தியாலத்தில் விளக்கு வந்தது. மாமியின் கணக்கில் விழுந்த காசை மீட்க வேண்டுமென்றால் கிளைக்குப் போக வேண்டும். வெசாக் பௌர்ணமியான போயா நாளும் அடுத்த நாளும் விடுமுறை, வங்கியும் பூட்டு, கிளையும் பூட்டு. இரண்டு நாளும் மகளோடு தன்சல் தன்சலாகப் போய்க் கடலையும் ஐஸ்கிறீமும் சாப்பிட்டேன். போன பத்தாயிரத்தில் ஒரு இருநூறு ரூபாயையாவது ஊரிடம் இருந்து திருப்பி எடுத்திருப்பேன்.

மூன்றாம் நாள் காலையில் கிளைக்கு நான்தான் முதல் ஆள். கவுண்டரில் இருந்த தம்பி பொறுமைசாலி. "மாத்தலாம் அண்ணை. ஆனா மற்றக் கணக்குக்காரர் சம்மதிச்சுக் கையெழுத்து வச்ச கடிதம் வேணும். அடையாள அட்டைக் கொப்பியும் கொண்டு வாங்கோ." எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான். கேட்டவுடன் காசை மாற்றிக் கொடுப்பார்கள் என்றால் நாளைக்கு என் கணக்கிலும் யாராவது கை வைப்பார்களே.

கடிதத்தை நானே எழுதினேன். கீழே மாமி கையெழுத்து வைக்க ஒரு கோடு. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினேன்.

"வாங்கோ தம்பி, வாங்கோ. நானே கூப்பிட வேணுமெண்டு இருந்தனான்" என்றா மாமி. கதிரையில் இருத்தி, தட்டில் பருத்தித்துறை வடை வைத்தா. பிறகு அந்த பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் திறந்தா.

"பாருங்கோ, மூண்டு மாசமா இதுக்குள்ள நெற் பில் துண்டே இல்லை. ஏன் சொல்லுங்கோ பாப்பம்?"

நான் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கால் சுகமானாப் பிறகு காசைக் கொண்டு போனன். கவுண்டரில நிண்ட பிள்ளை சொல்லுது, 'அம்மா, உங்கட பில் ஒன்லைனில கட்டியாச்சு' எண்டு. அடுத்த மாசமும் அப்பிடித்தான். ஆர் கட்டினது எண்டு நினைக்கிறியள்?"

"ஆர் மாமி?"

"என்ர மகன்! நான் வாய் திறந்து ஒரு சொல் கேட்டதில்லை. கால் ஏலாம இருந்ததை ஆரோ சொல்லியிருக்கினம் போல, பேசாமல் அங்கயிருந்தே கட்டிக்கொண்டு வாறான்." மாமியின் கண் கலங்கிவிட்டது. "எனக்கு மிஞ்சின பில் காசை நான் தொட மனம் வரேல்லை தம்பி. மயூரபதி அம்மனிட்டக் கொண்டுபோய் ஒவ்வொரு மாசமும் அவன்ர பேருக்கு அருச்சனை செய்விச்சுப்போட்டன். இந்தாங்கோ, பிரசாதம்."

என் காசில், கனடாவில் இருக்கிறவனின் நட்சத்திரத்துக்குச் செய்த அருச்சனையின் திருநீற்றை நான் நெற்றியில் பூசிக்கொண்டேன். சட்டைப் பையில் கடிதம் குத்தியது. வெளியே எடுக்கலாமா என்று கையைக் கொண்டுபோனேன், வடை எண்ணெய்தான் பையில் பட்டது. "நல்ல பிள்ளை மாமி" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன்.

இரவு ஒன்பது மணிக்கு மாமியின் மகனுக்கு வாட்ஸ்அப்பில் நடந்ததைச் சுருக்கமாக எழுதினேன். அங்கே காலை பதினொன்றரை. உடனேயே கோல் வந்தது.

"அண்ணை, நீங்களோ கட்டினது? நான் அக்காதான் கட்டுறா எண்டெல்லோ நினைச்சன்!"

"அம்மா உமக்கு நன்றி சொன்னவா எல்லோ?"

"சொன்னவா."

"நீர் என்ன சொன்னனீர்?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "'அதுக்கென்னம்மா' எண்டனான்."

கதை அதோடு முடியவில்லை. மாமி இந்தப் பெருமையை லண்டனுக்கும் சொல்லியிருக்கிறா. தம்பி பில் கட்டுகிறான் என்று கேட்ட அக்கா ரோசம் வந்து, அம்மாவுக்குப் புது வோஷிங் மெஷின் வாங்கி இறக்கிவிட்டாவாம். போன மாதம் லிஃப்டில் நாலு பேர் தூக்கிக்கொண்டு போனபோது நானும் ஒரு பக்கம் பிடித்தேன். அப்போது தெரியாது, அதற்கும் நான்தான் காரணம் என்று.

"அண்ணை, அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார் மகன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த நாளே என் கணக்குக்கு மூன்று மாதக் காசும், அதன் மேல் ஒரு வருடத்துக்கான காசும் வந்து விழுந்தன. கூடவே ஒரு குரல் செய்தி: "இனியும் நீங்களே கட்டிவிடுங்கோ, நான் கட்டுற மாதிரி."

ஆக, ஒரு பில்லையே நேரத்துக்குக் கட்டத் தெரியாதவன் கையில் இப்போது இரண்டு பில். அப்பில் பெயர்களை மாற்றிவிட்டேன். ஒன்று "எங்கட", மற்றது "மாமி". கட்டுவதற்கு முன் இலக்கத்தின் கடைசி நாலையும் மனைவி பார்த்துத் தலையாட்ட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். கட்டி முடிந்ததும் ரசீதை ரொறன்ரோவுக்கு அனுப்புகிறேன். அவர் அதை அம்மாவுக்கு அனுப்புகிறார். மாமிக்குக் கண்ணாடி போட்டாலும் அந்தச் சின்ன எழுத்து தெரியாது, நல்ல காலம். அதில் என் வங்கிக் கணக்கின் பெயர் இருக்கிறது.

ஜூன் 25ஆம் திகதி இரண்டையும் கட்டினேன். இரண்டு நாள் கழித்து லிஃப்டுக்குள் மாமியைக் கண்டேன். கையில் கோயில் கூடை.

"தம்பி, வெசாக் மூட்டம் உங்கட லைனை வெட்டிப்போட்டாங்களாம், உங்கட மகள் சொன்னவ. பில் கட்டப் பிந்திப்போச்சோ?"

"ஓம் மாமி, கொஞ்சம் பிந்திப்போச்சு."

மாமி இரக்கத்தோடு என் தோளில் தட்டினா.

"என்ர மகனிட்ட ஒருக்காக் கேளுங்கோவன். அவ்வளவு தூரத்தில இருந்துகொண்டு ஒரு நாள் பிந்தாமல் கட்டுறான். எப்பிடிக் கட்டுறதெண்டு வடிவாச் சொல்லித் தருவான்."

"கேக்கிறன் மாமி" என்றேன்.