சுரைக்குடுக்கை

கெண்டைக்காலில் கறுப்பு மார்க்கரால் 41 என்று எழுதினார்கள். எனக்கு அன்றைக்கு வயது 40. இன்னும் நாலு மாதம் இருக்கிறதே என்று சொல்லிப் பார்த்தேன். டிசம்பர் 31ஆம் தேதி உனக்கு என்ன வயதோ அதுதான் கணக்கு, டிரையத்லான் விதி அப்படி என்று எழுதிய பெண் சிரித்தாள். எங்கள் வீட்டில் பெண்கள் வயதைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். நான் பின்னால் வருகிற அத்தனை பேரும் படிக்கிற மாதிரி அதைக் காலில் எழுதிக்கொண்டு, அரையிருட்டில் குளிரில் நின்றுகொண்டிருந்தேன்.

2007 ஆகஸ்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சியாட்டில், ஜெனசி பூங்கா. டான்ஸ்கின் பெண்கள் டிரையத்லான். வாஷிங்டன் ஏரியில் அரை மைல் நீச்சல், அப்புறம் 12 மைல் சைக்கிள், அப்புறம் 3.1 மைல் ஓட்டம். இந்தக் குறுந்தூர வகைக்கு 'ஸ்பிரிண்ட்' என்று பெயர். அந்தப் பெயரைப் பார்த்து முதலில் பயந்துவிட்டேன், எல்லாவற்றையும் தலைதெறிக்கச் செய்யவேண்டும் போல என்று. அதெல்லாம் இல்லை. ஒலிம்பிக்கில் நடக்கிற டிரையத்லான் தூரத்தில் ஏறக்குறைய பாதி, அவ்வளவுதான்.

போட்டிக்குச் சேர்த்துவிட்டது ஆபீஸில் பக்கத்து மேசைக்காரி. அவள் இரண்டு முறை ஓடியவள். படிவத்தை நிரப்பி முடித்ததும் வீட்டுக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "உனக்குத்தான் நீந்தத் தெரியாதே?"

தெரியாதுதான். அதற்கு ஒரு கதை இருக்கிறது.

எங்கள் ஊர் முசிறிக்குப் பக்கம். காவிரி நடந்து போகிற தூரம். வயலில் சொந்தக் கிணறு வேறு. தம்பிக்கு எட்டு வயதான கோடையில் சித்தப்பா அவன் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கினார். மூன்றாவது நாள் குடுக்கை இல்லாமல் மோட்டார் ரூம் மேலிருந்து குதித்தான். அந்த மூன்று நாளும் நான் கிணற்றுமேட்டில் அவன் சட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பதினொன்று. நாலாம் நாள், குடுக்கைதான் சும்மா கிடக்கிறதே, எனக்குக் கட்டிவிடுங்கள் என்று சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் அப்பாயியைப் பார்த்தார். "பொட்டப்புள்ளைக்குக் கெணத்துல என்னடி வேலை" என்றார் அப்பாயி. அதோடு முடிந்தது. அந்தக் குடுக்கை அப்புறம் ரொம்ப நாள் மாட்டுக்கொட்டகையில் விதை போட்டுவைக்கத் தொங்கியது.

அதனால் நாற்பதாம் வயதில், சியாட்டிலுக்குப் பக்கத்து ஊரான பெல்வியூவில் ஒரு நீச்சல்குளத்தில், என் ஆறு வயது மகளின் வகுப்புக்கு அடுத்த தடத்தில், அவள் வைத்திருந்த அதே மாதிரி நீலப் பலகையைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தேன். முதல் மாதம் மூக்கில் தண்ணீர் போனதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. மகள் என்னை முந்தினாள். பயிற்றுநர் அவளுக்கு ஸ்டிக்கர் கொடுத்தார், எனக்குக் கொடுக்கவில்லை. (இதை நான் மறக்கவில்லை.) ஜூன் வாக்கில் குளத்தில் நிற்காமல் அரை மைல் போக முடிந்தது. குளத்தில் என்று அழுத்திச் சொல்கிறேன். குளத்தின் அடியில் ஒரு கறுப்புக்கோடு இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே போகலாம். பயந்தால் காலை ஊன்றிக்கொள்ளலாம்.

வாஷிங்டன் ஏரியில் கோடு கிடையாது. அதன் ஆழம் 214 அடி. முந்தின இரவு தூக்கம் வராமல் இதைத் தேடிப் படித்தது என் தப்பு. எங்கள் கிணறு அறுபது அடி.

வயதுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நிறத் தொப்பி கொடுத்து, சில நிமிட இடைவெளியில் இறக்கினார்கள். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தவர்களுக்குத் தனிக் கூட்டம். அவர்கள் தண்ணீருக்குள் போனபோது கரையில் எழுந்த சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அதில் ஒரு அம்மாவுக்குத் தலையில் முடி இன்னும் குட்டையாகத்தான் முளைத்திருந்தது. என் சித்தி அதே நோயில் போனார். கடைசிவரை வீட்டில் யாரும் அந்த நோயின் பெயரைச் சொன்னதில்லை, 'கட்டி' என்பதோடு நிறுத்திக்கொள்வோம். இங்கே அதைச் சொல்லிக் கைதட்டி அனுப்புகிறார்கள். எனக்குக் கண்ணாடிக்குள் தண்ணீர் கட்டிவிட்டது, ஏரியில் இறங்குவதற்கு முன்னாலேயே.

எங்கள் முறை வந்தது. முதல் நூறு கஜம் நன்றாகத்தான் போனேன். வாடகைக்கு எடுத்த ரப்பர் உடுப்பு தானாகவே ஆளைத் தூக்கிப் பிடிக்கும், அந்தத் தைரியம். அப்புறம் யாரோ ஒருத்தியின் குதிகால் என் தாடையில் பட்டது. தலையைத் தூக்கினேன். அடுத்த ஆரஞ்சு மிதவை அமெரிக்காவின் மறுகரையில் இருப்பது போலத் தெரிந்தது. தலையை உள்ளே விட்டால் பச்சைக் கறுப்பு, ஒன்றும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து ஏதோ ஒரு நீர்க்கொடி கணுக்காலைத் தடவியது. ஏரியில் அந்தக் கொடி நிறைய உண்டு, ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை. நெஞ்சு அடைத்துக்கொண்டது. ஆறு மாதம் கற்ற எதுவும் ஞாபகம் வரவில்லை. கிணற்றுமேடும் தம்பியின் சட்டையும்தான் ஞாபகம் வந்தன, ஏன் என்று கேட்காதீர்கள்.

அப்போது பக்கத்தில் ஒரு குரல்: "உன் பேர் என்ன?"

இந்தப் போட்டியில் 'ஸ்விம் ஏஞ்சல்' என்று தன்னார்வலர்கள் இருந்தார்கள். பயப்படுகிறவர்களுக்குத் துணையாகக் கூடவே நீந்தி வருவார்கள். கையில் நீளமான நுரை ரப்பர் குழாய் வைத்திருப்பார்கள், குழந்தைகள் குளத்தில் விளையாடுவது மாதிரியானது. களைத்துப் போனால் அதைப் பிடித்துக்கொண்டு மிதக்கலாம், தப்பில்லை. பிடித்துக்கொண்டே முன்னேறத்தான் கூடாது. வந்த அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். குழாயை என் அக்குளுக்கடியில் செருகினார். மல்லாந்துகொள், வானத்தைப் பார், ஓர் அவசரமும் இல்லை என்றார். பேரைச் சொன்னேன். அவர் இரண்டு முறை தப்பாகச் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது முறை சரியாகச் சொன்னபோது எனக்கு மூச்சு வந்துவிட்டிருந்தது.

குழாயை விட்டேன். இருபது கை போடுவேன், மல்லாந்துகொள்வேன், அவர் பக்கத்தில் ஏதாவது பேசுவார், மறுபடி இருபது. கடைசி மிதவை தாண்டியதும் 'இனி உனக்கு நான் வேண்டாம்' என்று சொல்லிவிட்டு வேறொரு தொப்பியைத் தேடித் திரும்பிப் போய்விட்டார். நன்றி சொல்லக்கூட விடவில்லை. அவர் பேரை நான் கேட்கவேயில்லை.

நீச்சல் 33 நிமிடம். உடை மாற்றும் இடத்தில் 9 நிமிடம். தேர்ந்தவர்கள் இதை இரண்டு நிமிடத்தில் முடிப்பார்கள். நான் ரப்பர் உடுப்பைக் கழற்றி, வாடகைப் பொருளாயிற்றே என்று மடித்து வைத்தேன். பக்கத்து ஆள் அதை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

சைக்கிள் பாதைதான் இந்தப் போட்டியின் அழகு. ஏரிக்கரைச் சாலையில் போய், ஐ-90 நெடுஞ்சாலையின் விரைவுத் தடத்தில் ஏறி, மிதக்கும் பாலத்தின் வழியாக மெர்சர் தீவுக்குப் போய்த் திரும்பவேண்டும். அன்றைக்குக் காலை மட்டும் அந்தத் தடத்தில் ஒரு கார் கிடையாது. ஏரி ரொம்ப ஆழம், அடியில் சேறு; தூண் நட முடியாது என்று கான்கிரீட் பெட்டிகளை மிதக்கவிட்டு அதன்மேல் சாலை போட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே இரட்டைப் பாலம் இன்னொன்று. அந்த இடத்தில் முன்பு இருந்த பழைய பாலம் 1940இல் கட்டியது. 1990 நவம்பரில் பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது புயலில் பெட்டிகளுக்குள் தண்ணீர் நிறைந்து அப்படியே மூழ்கிப்போனது. டான்ஸ்கின் போட்டித் தொடர் தொடங்கியதும் அதே 1990தான். பாலம் மூழ்கிய கதையைப் பக்கத்து மேசைக்காரிதான், நான் பாலத்தில் போகப்போகிறேன் என்று தெரிந்துகொண்டே, வெள்ளிக்கிழமை சொன்னாள்.

என்னுடையது பட்டை டயர் வைத்த மலை சைக்கிள். முந்துகிற ஒவ்வொருத்தியும் இடது பக்கம் வருகிறேன் என்று குரல் கொடுத்து, கூடவே 'நல்லாப் போறே' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். முந்துகிறவர்களின் கெண்டைக்காலைத்தானே முதலில் பார்ப்போம்? 29, 35, 52. அப்புறம் ஒரு 68. அந்த 68ஐப் பிடித்துவிடலாம் என்று எழுந்து நின்று மிதித்தேன். பாலம் முடிந்து சாலை தீவுக்கு ஏறுகிற மேட்டில் அந்த அம்மா உட்கார்ந்தபடியே போய் மறைந்துவிட்டார். திரும்பி வரும்போது தெற்கே ரெய்னியர் மலை முழுசாகத் தெரிந்தது, மேகமே இல்லாமல், வெள்ளையாக. 4392 மீட்டர். சியாட்டில்காரர்கள் இதை 'இன்றைக்கு மலை வெளியே வந்திருக்கிறது' என்பார்கள். கடலைமிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு பார்த்தேன். அது கடைவாய்ப் பல்லில் ஒட்டிக்கொண்டு ஓட்டம் முடிகிறவரை வரவில்லை. போட்டியில் கடலைமிட்டாய் சாப்பிடாதீர்கள்.

இப்போது அந்தத் தடத்தில் யாரும் சைக்கிள் விட முடியாது. 2017இல் ரயில் பாதைக்காக அதை மூடிவிட்டார்கள்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சைக்கிளை விட்டு இறங்கியதும் கால் நம்முடையதாக இருக்காது; தொடை இன்னும் மிதித்துக்கொண்டே இருக்கும். தடுமாறி ஓடத் தொடங்கினால், ஓரத்தில் நின்ற வீட்டுக்காரர் "ஏய், தலை! தலை!" என்று கத்துகிறார். உற்சாகப்படுத்துகிறார் போல என்று கையை ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்ச தூரம் ஓடினேன். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. திரும்பிப் போய் அவரிடம் கொடுத்தேன். மகள் சிரித்துச் சிரித்துப் புல்லில் படுத்துவிட்டாள்.

கடைசியாக வந்துவிடுவோமோ என்ற பயம் மட்டும் அன்றைக்கு எனக்கு இல்லை. காரணம் சாலி எட்வர்ட்ஸ். 1980இல் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் நூறு மைல் ஓட்டத்தில் பெண்களில் முதலாவதாக வந்தவர், அயர்ன்மேன் என்கிற நெடுந்தூர டிரையத்லான் போட்டிகள் பல முடித்தவர். இந்தத் தொடரில் வேண்டுமென்றே கடைசி ஆளாக வந்து கோட்டைத் தொடுவார், வேறு எந்தப் பெண்ணும் கடைசி என்று பேர் வாங்கக்கூடாது என்று. கடைசி இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. இதைவிடப் பெரிய உபகாரத்தை எந்த விளையாட்டிலும் நான் பார்த்ததில்லை.

மொத்தம் 2 மணி 26 நிமிடம். கழுத்தில் பதக்கத்தைப் போட்டார்கள். நேரத்தைக் கணக்கிடக் காலில் கட்டியிருந்த சிப்பை அவிழ்த்துக்கொண்டார்கள். மகள் பதக்கத்தைக் கடித்துப் பார்த்தாள்.

சாயங்காலம், அங்கே திங்கள் காலை, ஊருக்குப் போன் போட்டேன். அம்மா கேட்டார்: "எத்தனாவதா வந்த?"

"ரெண்டாயிரத்துச் சொச்சம்மா."

"கடைசி இல்லையே?"

"அத வேற ஒருத்தங்க எடுத்துக்கிட்டாங்க."

அம்மாவுக்குப் புரியவில்லை. சாப்பிட்டியா, கால் வலிக்குதா என்றார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், அவகிட்டக் குடு என்று. அப்பாயிக்கு அப்போது எண்பத்தெட்டு வயது. போனில் பேசினால் முசிறி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துவார்.

"ஏரியில எறங்குனியாமே?"

"ஆமா அப்பாயி."

"ஆழமா?"

"நம்ம கெணத்தவிட ஆழம்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. போன் வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன்.

"சொரக்குடுக்க கட்டியிருந்தியா?"

"நடுவுல கொஞ்ச நேரம் இருந்துச்சு அப்பாயி," என்றேன். "அப்புறம் விட்டுட்டேன்."